இராமையா வெட்டிய நூல்

இராமையா இறந்துவிட்டாராம். மல்லாவியிலிருந்து பஸ்ஸில் வந்த நோயாளி ஒருவர் மருந்துத்துண்டை நீட்டியபடியே சொன்னார். "நேற்றே எல்லாம் முடிஞ்சுது, மிஸ்ஸி." அழுவதா, அடுத்த ஆளைக் கூப்பிடுவதா என்று தெரியாமல் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுபத்தேழு கலவரத்தோடு மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து, நான் தாதியாக இருக்கும் ஆஸ்பத்திரியில் சிற்றூழியராகச் சேர்ந்தவர். அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவர் சுபாவம் தெரியும். மோசமான நோயாளியைத் திருப்புவது, துடைப்பது, துணி மாற்றுவது எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்ய விடமாட்டார். "ஒன்னு முடிஞ்சதும் கொஞ்சம் ஆறட்டுமுங்க" என்பார்.

உழவு மெஷினிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட இளைஞன் ஒருவனைக் கொண்டுவந்தபோது, மூளை வீக்கத்தைக் குறைக்கும் மருந்து எங்களிடம் இல்லை. சண்டையால் பாதை பூட்டியிருந்ததால் வவுனியாவுக்கு அனுப்பவும் வழியில்லை. "தலைமாட்டை உயர்த்துங்கோ. கழுத்து நேராய் இருக்கட்டும். பக்கத்தில சத்தம் வேண்டாம்" என்றார் டொக்டர். இராமையா கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்தார். உடுக்கும் சாரங்கள் இரண்டைச் சுருட்டிக் கழுத்தின் இருபுறமும் அணைத்தார். பிறகு, கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்த, அட்சரக்கூடு என்ற தாயத்தைக் கோத்த நூலை வெட்டினார்.

வாசலில் நின்ற தாய் கண்டுவிட்டார். "கோயில்ல கட்டின நூல். ஆரைக் கேட்டு வெட்டினனீ?"

"ரத்தம் தலையிலயிருந்து எறங்கணுமுங்கம்மா. கழுத்து இறுகக் கூடாது."

நான்காம் நாள் இளைஞன் கண் விழித்துத் தண்ணீர் கேட்டான். எது அவனைக் காப்பாற்றியது என்று டொக்டருக்கே நிச்சயமில்லை. தாய்க்கு நிச்சயமிருந்தது: நூல் இருந்திருந்தால் முதல்நாளே விழித்திருப்பான். முறைப்பாடு எழுதிக் கொடுத்தார்.

விசாரணையில் இராமையா, "நானாத்தான் வெட்டினேங்க" என்றார். அவரை நோயாளர் வாட்டிலிருந்து எடுத்துத் துணி தோய்க்கும் இடத்தில் போட்டார்கள். கத்தரிக்கோலை அவரிடம் நீட்டியது நான். அது நன்றாக நினைவிருக்கிறது. வெட்டச் சொன்னேனா என்பதுதான் நினைவில்லை. சொன்னது போலவும் இருக்கிறது, சொல்லாதது போலவும் இருக்கிறது. நீட்டியதையாவது அன்று சொல்லியிருக்கலாம்.

பிறகொருநாள் அவர் ஈரத்துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன். "இராமையா அண்ணை, வெட்டச் சொல்லி நான் சொன்னனானோ?"

"ஞாபகம் இல்லைங்க மிஸ்ஸி. வெட்ட வேண்டியதுதானே, யாரு சொன்னா என்ன? அந்தத் தம்பி இப்ப வயலுக்குப் போறாரா?"

"ஓம், போறாராம்" என்றேன். நான் விசாரித்ததே இல்லை.

என்னைத் தப்பவைக்கத்தான் ஞாபகம் இல்லை என்றாரா, உண்மையாகவே மறந்துவிட்டாரா? எனக்கு விளங்கவில்லை. இனிக் கேட்கவும் ஆளில்லை. அவருடையது என்று என்னிடம் இருப்பது, அந்தத் தம்பி வயலுக்குப் போகிறாரா என்ற ஒரு கேள்விதான். அவர் இறந்த செய்தி கேட்ட பிறகுதான் ஆள் அனுப்பி விசாரித்தேன். வயலுக்குப் போகிறானாம். போய்ச் சொல்வதற்கு இராமையா இல்லை.