பூ வைக்கும் முன் ரத்தம் பார்க்கச் சொன்ன அக்கா

அக்கா போய் ஓராண்டு ஆகிறது. எனக்கு நாலு பேர் முன் பேச வராது. ஆனால் சொல்ல நல்ல சேதி இருப்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பசுவந்தனையில் பிறந்த அக்கா, எங்கள் அம்மாவின் தம்பிக்கே வாழ்க்கைப்பட்டுக் கோவில்பட்டிக்கு வந்தார்கள். மூத்த பிள்ளைக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. அவன் தங்கவில்லை. சாமிக்குக் குறை வைத்ததுதான் காரணம் என்று ஊர் பேசியது. அக்காவும் அதை நம்பித் தலைகுனிந்தே நடந்தார்கள்.

அவர்கள் மகளுக்கு என் மகன் முறைமாப்பிள்ளை. பூ வைத்து நிச்சயம் செய்ய நாள் பார்த்தபோது, மூத்தவனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அக்காவையும் மாமாவையும் மதுரையில் மரபணு ஆலோசனை சொல்லும் அம்மாவிடம் அனுப்பினார். துணைக்கு நானும் போனேன். சொந்தத்தில் கட்டினீர்களா என்று அவர் கேட்டார்.

"இல்லம்மா, எங்களுக்கு வேற குலதெய்வம்" என்றார்கள் மாமா. சாமி வேறென்றால் ரத்தமும் வேறு என்பதுதான் நம் பக்கத்துக் கணக்கு.

"உங்க மாமியார் யாரு?"

"எங்கம்மையப் பெத்தவிய" என்றார்கள் அக்கா.

அந்த அம்மா சிரித்துவிட்டார். மாமாவும் சிரித்தார்கள். பிறகு கட்டமும் வட்டமும் போட்டு விளக்கினார். வெளியே தெரியாத குறை தாய், தகப்பன் இருவரிடமும் இருந்தால் மட்டுமே, ரத்தம் சரியாக ஊறாத தலசீமியா நோய் பிள்ளைக்கு வர வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் கட்டினால் அந்த வாய்ப்பு கூடும். அது யார் குற்றமும் இல்லை.

"அப்போ எம்புள்ள போனதுக்கு நான் காரணமில்லையா?"

"இல்லவே இல்லம்மா."

கோவில்பட்டி வரும்வரை பஸ்ஸில் அக்கா வாய் ஓயவில்லை. அவர்களை அப்படி நான் பார்த்ததே இல்லை.

அக்கா மகளுக்கும் என் மகனுக்கும் ரத்தம் பார்த்ததில் இருவருக்கும் அந்தக் குறை இருந்தது. கட்டாதே என்று ஆலோசகர் சொல்லவில்லை. கட்டினால் என்ன ஆகலாம், கர்ப்பத்தில் என்ன பார்க்கலாம், வெளியே கட்டினால் என்ன என்று சொல்லி முடிவை எங்களிடம் விட்டார். பிள்ளைகளே வெளியே பார்க்கச் சொன்னார்கள். மதினிதான் முறையை அறுத்துவிட்டார்கள் என்று என் மனைவி அக்காவோடு பேச்சை நிறுத்தினாள். அக்கா கோபப்படவில்லை. என் மகனுக்கு நாகலாபுரத்தில் பெண் பார்த்து, ஜாதகத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை கேட்டு, கல்யாணத்தை முடித்து மருமகளோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். "ஏட்டி, மொறச்சது போதும், ஆரத்தி எடு." என் மனைவி சிரித்தபடி ஓடினாள்.

அக்காவின் மகளுக்கும் அப்படியே பார்த்து முடித்தோம். போன மாதம் அவளுக்கு ஆண் குழந்தை. அவன் தகப்பனுக்கு அந்தக் குறை இல்லை; இவனுக்கு ரத்தம் ஏற்ற வேண்டி வராது. தெருவே கேட்கக் கத்துகிறான்!

அன்று பையனுக்கு ரத்தம் கொடுத்த தீப்பெட்டி ஆபீஸ் நண்பர்களுக்கும், அக்காவைக் கடைசிவரை கவனித்த மாமாவுக்கும், அந்த ஆலோசகர் அம்மாவுக்கும் எங்கள் நன்றி. வரும் ஞாயிற்றுக்கு மறுநாள், நம் சொந்தத்தில் கல்யாணம் பேசியிருக்கும் பிள்ளைகளோடு ரத்தம் பார்க்க மதுரை போகிறேன். வேனில் இன்னும் இடம் இருக்கிறது.