ஐந்தாவது டேக்

பேய்ப் படத்தை நான் சத்தமில்லாமல்தான் வெட்டுவேன். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, படத்தை மட்டும் ஓடவிட்டு, எந்த இடத்தில் வயிறு சில்லிடுகிறது என்று பார்ப்பேன். சத்தம் போட்டுப் பயமுறுத்துவது யாருக்கும் வரும். கதவு டமால் என்று அடித்தால் பசுமாடுகூடத் துள்ளும். ஒரு வீட்டின் காலி நடையைச் சும்மா காட்டி, பார்க்கிறவர்களைக் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்ளச் செய்தால்தான் அது எடிட்டிங். பதினெட்டு வருஷமாக இப்படித்தான் வேலை செய்தேன். யாராவது குறை சொன்னால் சுள்ளென்று கோபம் வரும்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. படப்பிடிப்பு நடக்கும் இடத்துக்குப் போகவே மாட்டேன். ஒரு ஷாட்டுக்காக எத்தனை பேர் மழையில் நனைந்தார்கள், யார் காலை உடைத்துக்கொண்டார்கள் என்றெல்லாம் தெரிந்துவிட்டால் அப்புறம் அதைத் தூக்கி எறியக் கை வராது. எனக்கு ஹார்ட் டிஸ்க் வந்தால் போதும். அதில் இருப்பதுதான் நடந்தது, இல்லாதது நடக்கவில்லை. இதைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு மாடி அறைதான் என் எடிட்டிங் அறை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, இரண்டு மானிட்டர், ஒரு பழைய ஏ.சி. பட்டப்பகலிலும் உள்ளே இருட்டுதான். காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் எழுந்துவிடுவேன். கடைசியில் சத்தத்தைச் சேர்த்துப் பார்க்கும் நாட்களில் மட்டும் அலறல் தெருவுக்குக் கேட்கும். மறுநாள் பக்கத்து வீட்டு மாமி கோயிலுக்குப் போகிற வழியில் நின்று விசாரிப்பாள்.

"ஏண்டி, நேத்தி விளக்கேத்தற நேரத்துல அந்தப் பொண்ணை எத்தனை தடவை கொன்னே?"

"பதினாலு, மாமி."

"அப்பவாவது செத்தாளோ?"

"இன்னும் சரியா சாகலை. இன்னிக்கும் பாக்கணும்."

மாமி தலையில் அடித்துக்கொண்டு போவாள். எனக்கும் சிரிப்பாகத்தான் இருக்கும்.

பேய்ப் படத்துக்கென்று சில கைவேலைகள் இருக்கின்றன. நாம் எல்லோரும் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கிறோம். பேயாக வருகிறவர் சிமிட்டும் ஃப்ரேம்களை மட்டும் தேடி வெட்டி எறிந்துவிடுவேன். பார்க்கிறவர்களுக்கு என்ன குறைகிறது என்று தெரியாது, ஆனால் அந்த முகத்தை நேராகப் பார்க்க முடியாது. அப்புறம், ஒருவர் அறையை விட்டு வெளியே போனபிறகும் காலி அறையை விடாமல் காட்டுவது. மூன்று விநாடி வரை அது வெறும் அறை. நாலாவது விநாடியில் உள்ளே யாரோ இருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்த படத்தில், ஆற்றில் மூழ்கிச் செத்த ஒரு பெண் திரும்பி வருகிறாள். மூழ்கும் காட்சியை மழைக்காலத்தில், பொன்முடி மலைக்குக் கீழே கல்லாற்றில் எடுத்தார்கள். நடித்தவள் எங்கள் ஊரிலேயே வலியசாலைக்காரி. இருபத்துமூன்று வயது, இதுதான் முதல் படம். அவள் அப்பாவுக்குச் சாலை பஜாரில் பாத்திரக்கடை. டைரக்டர் மலையாளி, பெரிய ஆள், நல்ல பழக்கமுள்ளவர்தான். ஒரே ஒரு முறை வைத்திருந்தார்: பேய்க் காட்சியில் சீக்கிரம் 'கட்' சொல்ல மாட்டார். நடிப்பு முடிந்தபிறகு முகத்தில் ஏதோ ஒன்று வரும், அதற்காகக் காத்திருப்பார். தான் 'கட்' சொல்லும்வரை நடித்துக்கொண்டே இருக்கணும் என்று எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

அந்தக் காட்சிக்கு ஐந்து டேக் வந்திருந்தது. முதல் நாலும் குப்பை. கையைக் காலை அடித்து, தண்ணீரை வாரி இறைத்து, வாயைப் பிளந்து கத்துகிறாள். எல்லா சினிமாவிலும் இப்படித்தானே மூழ்குகிறார்கள் என்று எரிச்சலாக வந்தது. ஐந்தாவது டேக்கில் வேறு யாரோ மாதிரி இருந்தாள். கத்தவில்லை, கையை ஆட்டவும் இல்லை. தலை பின்னால் சாய்ந்து, முகம் மட்டும் வானத்தைப் பார்த்துத் தண்ணீரின் மேல் இருந்தது. வாய் ஒரு முறை நீருக்கு மேலே வந்தது, கீழே போனது, மறுபடி வந்தது. கைகள் இரண்டு பக்கமும் தண்ணீரை மெல்ல அழுத்திக்கொண்டிருந்தன, ஏணி ஏறுகிறவள்போல. முக்கியமாக, கண் சிமிட்டவே இல்லை. வேறு படங்களில் நான் ஃப்ரேம் ஃப்ரேமாகக் கத்தரித்துச் செய்ததை இந்தப் பெண் தானாகச் செய்திருந்தாள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். சந்தோஷத்தில்தான் எழுந்தேன்.

அந்த ஷாட்டின் கடைசியில் மட்டும் ஒரு கைலி கட்டிய ஆள் குறுக்கே பாய்ந்து தண்ணீருக்குள் விழுகிறான். கரையில் நின்று வேடிக்கை பார்த்த உள்ளூர் ஆள், ஆர்வக்கோளாறு என்று நினைத்து வாய்விட்டே திட்டினேன். அவன் வருவதற்கு முன்னால் வெட்டி, முன்னும் பின்னும் செதுக்கி ஆறு விநாடியாக்கினேன். டைரக்டர் வந்து மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "இது மதி. ஈ ஒரு ஷாட் மதி படத்தினு" என்றார். படத்துக்கு இந்த ஒரு ஷாட் போதுமாம்.

ஆனால் அந்த ஷாட் அடங்கவில்லை. வேறு எந்த ஷாட்டையும் வெட்டினால் வெட்டியதுதான், அடுத்ததைப் பார்த்துப் போய்விடுவேன். இதை எந்த ஃப்ரேமில் வெட்டினாலும், உள்ளே ஆள் இருக்கும்போது கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்ட மாதிரி இருந்தது. இரண்டு ஃப்ரேம் கூட்டுவேன், மூன்று குறைப்பேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாடி ஏறும்போது, கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே, அந்த முகம் அறைக்குள் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றும். குளியலறை வாளியில் தண்ணீர் நிரம்பியிருந்தால் குனிந்து பார்க்க மாட்டேன். ஒரு நாள் வேலையை நிறுத்தி ஜன்னல் துணியை விலக்கி வெயிலைக் கொஞ்சநேரம் உள்ளே விட்டேன். நான் வெட்டிய படத்துக்கு நானே பயப்படுகிறேனே, வேலை அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என்ன கர்வம் பாருங்கள்.

அந்தக் காட்சி எடுத்து இரண்டு மாதம் கழித்து டப்பிங். ஆற்று இரைச்சலில் எடுத்த சத்தம் உதவாது என்று அதை ஒதுக்கிவிட்டு, குரலை ஸ்டுடியோவில் புதிதாகப் பதிவு செய்வார்கள். அங்கே அந்தப் பெண்ணைத் திரைக்கு முன்னால் நிறுத்தி, என் ஆறு விநாடியைப் போட்டு, திணறும் சத்தம் கொடுக்கச் சொன்னார்கள். அவளால் முடியவில்லை. மைக்கை விட்டு விலகி, அன்றைக்கு ஆற்றில் நான் நடிக்கவில்லை, நிஜமாகவே முங்கிப்போனேன், ரொம்ப நேரம், யாரும் பார்க்கவில்லை என்று அழுதிருக்கிறாள். டைரக்டர், "ரெண்டு செகண்டு மோளே, நீ பேடிச்சுபோயி, அத்ரேயுள்ளூ" என்று, நீ பயந்துவிட்டாய், அவ்வளவுதான் என்று சொல்லி, முதுகில் தட்டி அனுப்பிவிட்டாராம். எனக்கு இதை உதவி டைரக்டர் போனில் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். லேசாகச் சிரித்தேன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு அவளே வந்துவிட்டாள். கையில் நனைந்த குடை. திரையில் மட்டுமே பார்த்த முகம் வாசலில் நின்று சாதாரணமாகக் கண் சிமிட்டியபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அக்கா, நீங்க எடிட்டர்தானே? ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டுப் போயிருவேன்."

"உள்ளே வா. காப்பி சாப்பிடறயா?"

"வேண்டா அக்கா." மாடியில் வந்து உட்கார்ந்தாள். மானிட்டரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினாள். "எல்லாரும் ரெண்டு செகண்டுன்னு சொல்லுதாங்க. அப்பாவும் அதான் சொல்லுதாரு, ஷூட்டிங்ல அம்பது பேரு நிக்கும்போ எப்பிடி மக்கா முங்குவேன்னு. ரெண்டு மாசமா நான் தலைக்கு ஊத்திக் குளிக்கல்ல. துண்டை நனைச்சுத் துடைக்கேன். அம்மை என்னை டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறா, நாளைக்கு. எனக்கே இப்போ சம்சயமா இருக்கு, நானாத்தான் உண்டாக்குதேனோன்னு. நீங்க மட்டும்தான் முழுசும் பாத்திருப்பீங்க, அல்லே? எத்தர செகண்டு அக்கா? அது மாத்ரம் சொல்லுங்க."

எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. அந்த ஷாட்டை நூறு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன், அதில் எந்த ஆறு விநாடி எனக்கு வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும். முழு நீளத்தை நான் எண்ணவே இல்லை.

அவளை வெளியே உட்காரச் சொன்னேன். கேட்கவில்லை. "நானும் பாக்கணும்" என்றாள். ஐந்தாவது டேக்கை வெட்டாமல், ஆரம்பத்திலிருந்து திறந்தேன். அந்த டேக்குக்கு முதல் முறையாக ஸ்பீக்கரையும் போட்டேன்.

ஆற்று இரைச்சல் அறையை நிறைத்தது. அதற்குள் டைரக்டரின் 'ஆக்‌ஷன்'. அவள் கையை அடிக்கிறாள், நாலு டேக்கில் செய்த அதே நடிப்பு. பிறகு ஒரு கணம் தோள் சறுக்குகிறது, காலுக்குக் கீழே இருந்த கல் போயிருக்க வேண்டும். அங்கிருந்து எண்ணத் தொடங்கினேன். முகம் மேலே திரும்பியது. வாய் வெளியே வந்தபோது நான் இதுவரை கேட்காத ஒரு சத்தம் கேட்டது, கத்தல் இல்லை, ஊ என்று மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். அதற்குப் பிறகு எதுவும் இல்லை. அவள் சத்தம் போடவே இல்லை. கரையிலிருந்து யாரோ மெதுவாக, "எந்தொரு அபிநயம்" என்றார்கள். என்ன நடிப்பு என்று வியக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். பத்து விரலும் முடிந்து மறுபடி தொடங்கினாள். போதும், 'கட்' சொல்லுடா பாவி என்று திரையைப் பார்த்து முணுமுணுத்தேன். முகம் நீருக்குள் போனது, வந்தது, போனது. அப்புறம் வரவில்லை. வெறும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அதையும் கேமரா விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கைலிக்காரர் பாய்ந்தார். "ஆராடா அது? ப்ரேமில் கேறியது ஆரா?" என்று டைரக்டரின் குரல் கத்தியது. யார் ஃப்ரேமுக்குள் நுழைந்தது என்று கேட்கிறார். அப்போதும் 'கட்' சொல்லவில்லை.

"முப்பத்தெட்டு விநாடி" என்றேன். ஃப்ரேம் கணக்கையும் பார்த்தேன். மறுபடி சொன்னேன். "முப்பத்தெட்டு விநாடி, ஏழு ஃப்ரேம்."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன், இல்லை. கையை எடுத்தபோது ரொம்ப நாள் காய்ச்சல் விட்டவள் மாதிரி இருந்தாள்.

"அப்போ எனக்குத் தோணினதில்லை" என்றாள். "நடந்ததுதான்."

"நடந்ததுதாண்டி குழந்தே."

படம் பின்னால் வெளிவந்தது. அந்த ஷாட் அதில் இல்லை. நான் எடுத்துவிட்டேன், திரும்ப வைக்கச் சொன்னால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். டைரக்டர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பேசவும் வேண்டாம். இதில் என்னைப் பாராட்ட ஒன்றுமில்லை, அது ஏன் என்று சொல்கிறேன்.

அன்றைக்கு, எண்ணி முடித்ததும், அவள் தன் போனை எடுத்தாள். "இதை அப்பாட்ட காட்டணும் அக்கா. டாக்டர்ட்டயும். நாளைக்கு வேற ஒண்ணும் நான் சொல்ல வேண்டா, இதைக் காட்டுனா மதி. ஸ்கிரீன்லேந்து எடுத்துக்கட்டே?"

படம் வெளிவருமுன் ஒரு ஃப்ரேமைக்கூட வெளியே கொடுக்கக்கூடாது என்று நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். "எடுத்துக்கோ" என்றேன். "எவன் கேக்கறான்னு பாக்கறேன்."

மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன். அவள் போனை இரண்டு கையாலும் பிடித்து, முப்பத்தெட்டு விநாடியும் ஆடாமல் பதிவு செய்தாள். கடைசியில் கைலிக்காரர் தண்ணீரில் விழும் ஃப்ரேமில் நிறுத்தினேன். அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது. பயந்துபோன, நடுத்தர வயசு முகம். அதற்குக் கீழே திரையில் ஒரு சிவப்புப் பெட்டி திறந்துகொண்டது. ஒவ்வொரு டேக்கையும் பார்த்து முடித்ததும் நான் எழுதி வைக்கும் குறிப்பு அது, படத்தை அந்த ஃப்ரேமில் நிறுத்தினால்தான் திறக்கும். எழுதியதே நினைவில்லை. மூட மவுஸைத் தேடினேன், அதற்குள் அவள் படித்துவிட்டாள். மலையாளம் படித்து வளர்ந்தவள், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், அதனால் நிறுத்தி நிறுத்தி, சத்தமாகப் படித்தாள்.

"நடிப்பு... பிரமாதம். கடைசியில்... எவனோ ஒரு முட்டாள்... உள்ளே வந்து... கெடுத்துவிட்டான்."



"இது ஆரு அக்கா எழுதினது?"

போன் இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தது. அவள் அதை இறக்கவில்லை, நானும் இறக்கச் சொல்லவில்லை.

"நான்தான்" என்றேன்.