கதவிடுக்கில் ஒரு கால்

அன்று அங்கே இருந்தவர்கள் மூன்று பேர்: நான், எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவர், வேலிக்கு வெளியே வேடிக்கை பார்த்த பால்காரர். சிராங்கூன் ரோட்டோர மைதானத்தில், ஓடி ஓய்ந்த நீராவி எஞ்சின் ஒன்றைக் காட்சிக்கு நிறுத்தியிருந்தார்கள். மழை இறங்கினால் உள்ளே கிடக்கும் பழைய சாம்பல் ஊறி இரும்பைத் தின்றுவிடும். கரி எரித்த நெருப்புப் பெட்டிக்குள் தவழ்ந்து போய் அதைச் சுரண்டி எடுப்பது என் வேலை. பெட்டியின் கதவுக்கு வெளியே மட்டும்தான் தாழ். சாத்தினால் தானாகவே மாட்டிக்கொள்ளும். உள்ளே மாட்டிக்கொள்வேனோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

எண்ணெய்க்காரர் நல்ல நெட்டை. நாய் குரைத்தால் போதும், எஞ்சின் மேல் ஏறிவிடுவார். ஆனால் நான் உள்ளே போனதும் கதவிடுக்கில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார்.

"நாய்க்குப் பயந்து காலை உள்ள ஒளிச்சு வச்சிருக்காரு பாரு!" என்றார் பால்காரர்.

திடீரென்று காற்று அடித்தது. கதவு மோதிய சத்தத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. ஆனாலும் ஒரு கீற்று வெளிச்சம் அப்படியே நின்றது. தவழ்ந்து வெளியே வந்தபோது அவர் கணுக்காலில் ரத்தம் வழிந்தது.

"ஐயோ அண்ணே, ஒரு சத்தம்கூடப் போடலையே!"

"நான் கத்தினா உள்ள நீ என்ன ஆவே?"

அந்நேரம் எங்கோ நாய் குரைத்தது. நொண்டிக்கொண்டே எஞ்சின் மேல் ஏறினார். அவரைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.