பாவாடை நாடா கட்டிய இடம்

டாக்டர் பேனாவால் என் இடுப்பில் ஒரு வட்டம் போட்டார். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். புண் புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. வட்டம் என் உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தது.

"இவ்ளோவா வெட்டுவீங்க?"

"ஆமாம்மா. அது எங்க முடியுதுன்னு கண்ணுக்குத் தெரியாது. சுத்தி இருக்கிற நல்ல தோலையும் சேர்த்துத்தான் எடுக்கணும்."

ஈஸ்வரா என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு பாவாடை நாடா என்னை இந்த மேஜை வரைக்கும் கொண்டுவந்து படுக்க வைத்திருக்கிறது என்பதை அப்போதும் என் மனசு ஒப்பவில்லை.

நான் பிறந்தது மேல்பட்டாம்பாக்கம். மைன்ஸில் வேலை பார்ப்பவருக்கு வாழ்க்கைப்பட்டு நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். எட்டாவது வரைக்கும் படித்தவள். வயசுக்கு வந்த நாளிலிருந்து பாவாடைதான், புடவைதான். நூல் நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டால்தான் புடவை நிற்கும். தளர்வாகக் கட்டினால் கோயிலில் விழுந்து கும்பிட்டு எழுந்திருக்கும்போது கை தானாக இடுப்புக்குப் போய்விடும். முடிச்சு எப்போதும் வலது பக்கம். அந்த இடம் எப்போது கறுத்துத் தடித்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. வெயில் காலத்தில் வேர்த்து அரிக்கும். சொறிவேன், தேங்காய் எண்ணெய் தடவுவேன், அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

பிறகு அந்தக் கறுப்பில் ஒரு வெடிப்பு விட்டது, குதிகாலில் வருமே, அந்த மாதிரி. வெடிப்பு புண்ணானது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டேன். திருவதிகைக் கோயிலுக்குப் போய்வந்து அந்தத் திருநீற்றைக் குழைத்துப் பூசினேன். தீராத வயிற்று நோயையே தீர்த்த சாமி அவர், இந்தப் புண் அவருக்கு எம்மாத்திரம் என்று நினைத்தேன். ஆறுகிற மாதிரிதான் ஆறும். காலையில் குளித்துவிட்டு நாடாவை இழுத்துக் கட்டியதும் திரும்பப் பிளந்துகொள்ளும்.

கண்டுபிடித்தது என் மகள். பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்தவள், கொடியில் காய்ந்த என் பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் வந்தாள்.

"அம்மா, உனக்கு இன்னும் நிக்கலையா?"

"இன்னாடி நிக்கல?"

"பீரியட்ஸ்."

"ஐய! அது நின்னு எத்தினி வருஷம் ஆவுது. ஒங்கப்பா ஹால்ல உக்காந்துகினு இருக்காரு, மெதுவா பேசு."

"அப்ப இது என்ன கறை? இடுப்புகிட்ட?"

காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். "புடவைய மாத்தும்மா, கிளம்பலாம்" என்று மட்டும் சொன்னாள்.

புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரி. தோல் பார்க்கிற டாக்டரம்மா, சின்ன வயசு. மரத்துப்போக ஊசி போட்டு, அரிசி அளவு சதையை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று மகள் வேலைக்குத் திரும்பியிருந்தாள். நானும் என் வீட்டுக்காரரும்தான் போனோம்.

"தோல்ல வர்ற கேன்சர்மா இது."

எனக்குத் தெரிந்த கேன்சர் மார்பில் வரும், கர்ப்பப்பையில் வரும், புகையிலை போடுகிறவர்களுக்கு வாயில் வரும். தோலில் வருமென்று யாரும் சொன்னதில்லை. எனக்குப் பின்னால் வேறு யாருக்கோ சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

"எதனாலங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"பாவாடை நாடாவால. ஒரே இடத்துல வருஷக்கணக்கா இறுக்கி, உரசி, புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகி... ரொம்ப அபூர்வமாத்தான் இப்படி ஆகும். ஆனா ஆகும். இறுக்கி வேட்டி கட்டுற ஆம்பளைங்களுக்கும் வந்திருக்கு."

என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "இன்னாங்க டாக்டர் இது? நான் முப்பது வருஷமா மைன்ஸ்ல கரித்தூசியத் தின்னுகினு கெடக்குறேன், எனக்கு ஒண்ணும் வர்ல. வூட்டுல பாவாட கட்டிகினு இருந்தவளுக்கு வந்துடுச்சா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததைப் பார்த்த பிறகுதான் சொன்னது என்னைத்தான் என்று எனக்கு உறைத்தது.

ஆபரேஷன் டாக்டர் வேறு. பொறுமையான மனிதர். எத்தனை வழி இருக்கிறதோ அத்தனையும் சொன்னார். மேலோடு சின்னதாக இருந்தால் சுரண்டிவிட்டுக் கரண்ட் சூடு வைப்பார்களாம். பழைய தழும்பிலிருந்து கிளம்பிய என்னுடையதற்கு அது போதாதாம். மூக்கிலோ கண் இமையிலோ வந்தால் அங்கே விட்டுக்கொடுக்கச் சதை இல்லை. அதனால் ஏடு ஏடாகச் சீவி, ஒவ்வோர் ஏட்டையும் அப்போதே மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இனி இல்லை என்று தெரிந்ததும் நிறுத்துவார்களாம். அது சில பெரிய ஊர்களில்தான் உண்டாம்.

"உங்களுக்கு அதெல்லாம் வேணாம்மா. இடுப்புல இடம் இருக்கு. அகலமா, ஆழமா ஒரே தடவையில எடுத்துடலாம். தையல் போட்டு மூட முடியலன்னா தொடையிலிருந்து மெல்லிசாத் தோல் எடுத்து ஒட்டுவோம்."

"தொடையிலிருந்தா?" நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்டோம்.

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். "மைன்ஸ்லயும் அப்படித்தாங்க. கரி இருக்கறது அடியில கொஞ்சம். மேல்மண்ண மலையாட்டம் வாரணும்."

"அங்க கரி வேணும்னு தோண்டுறீங்க. இங்க ஒரு துளிகூட விட்டு வைக்கக் கூடாது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார் டாக்டர். தொடை இடுக்கை அழுத்திப் பார்த்து, நெறி கட்டவில்லை, நல்லது என்றார். பிறகு சொன்னதுதான் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. "எடுத்த சதையோட ஓரம் முழுக்கப் பரிசோதிப்பாங்க. ஓரம் சுத்தமா இருந்தா முடிஞ்சுது. ஓரத்துலயும் இருந்துச்சுன்னா, உடம்புக்குள்ள மிச்சம் இருக்குன்னு அர்த்தம். திரும்ப வெட்டணும்."

அன்றிலிருந்து எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஓரம் சுத்தமாக இருக்கணும் சாமி. குடும்பத்துக்கு, மகளுக்கு என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்த வாய்க்கு இந்த ஒன்று மட்டும்தான் வந்தது.

ஆபரேஷன் அன்று நகையைக் கழற்றச் சொன்னார்கள், தாலியையும். நான் கழற்றமாட்டேன் என்று பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டி எடுத்துக்கொண்டு தயாராக நின்றிருந்தார். நான் கேட்காமலே எப்படித் தெரிந்ததோ.

முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே இருந்தது யாருடைய கால்களோ ஆகிவிட்டது. முகத்துக்கு எதிரே பச்சைத் துணியை மறைப்பாகக் கட்டினார்கள். நான் ஐந்தெழுத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

"சத்தமாவே சொல்லுங்கம்மா. நாங்களும் கேட்டுக்கிறோம்" என்றார் டாக்டர்.

சத்தமாகச் சொன்னேன். அப்போது ஒரு வாடை வந்தது, முடி பொசுங்குகிற மாதிரி.

"இன்னா நாத்தம் சிஸ்டர் இது?"

"ரத்தம் வராம கரண்ட் வெச்சு அடைக்கிறாங்கம்மா. பயப்படாதீங்க."

பொசுங்குவது நான்தான். ஐந்தே எழுத்து. எந்த எழுத்தில் விட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கவும் நாக்கு எழவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வெட்டிய இடம் அவ்வளவாக வலிக்கவில்லை. தோல் எடுத்த தொடைதான் எரிந்தது, சுடுதண்ணீர் கொட்டின மாதிரி. இடுப்பில் எதுவும் கட்டக் கூடாது என்பதால் நைட்டி. நைட்டியோடு சாமி மாடத்துக்கு முன்னால் போக எனக்குக் கூசியது. அவர்தான் விளக்கேற்றினார். திரியை எண்ணெயில் மூழ்கடித்துவிட்டுத் தீக்குச்சி தீக்குச்சியாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பிளாக்குப் பெண்கள் பார்க்க வந்தார்கள். மாடியில் இருப்பவர் மதுரைப் பக்கம், வாய் சும்மா இருக்காது. "நைட்டியில சின்னப் புள்ளையாட்டம் இருக்கீகளே மதினி! அண்ணன் பாடு கஷ்டந்தேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எதனால் வந்தது என்று நான் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"நாடாவுலயா?"

"எனக்கும் அங்க கறுப்பாத்தேன் கெடக்கு" என்று மதுரைக்காரர் மெல்லச் சொன்னார். யாரோ கதவைத் தாழ்போட்டார்கள். ஒவ்வொருவராகக் கொசுவத்தைத் தளர்த்திக் காட்டினார்கள். எல்லா இடுப்பிலும் அந்தக் கறுப்பு வளையம். ஒருத்தர் இடுப்பை ஒருத்தர் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். எத்தனை வருஷமாக விளக்குப் பூஜையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

வெளியே என் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். "இன்னாம்மா, உள்ள தாப்பா போட்டுகினு இன்னா பண்றீங்க?"

"லேடீஸ் மீட்டிங்குண்ணே! அப்பறம் வாங்க!"

எதிர்வீட்டுப் பெண் மட்டும் ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றபடியே இருந்தாள். என்னை விட இளையவள். எல்லாரும் போன பிறகும் காப்பி டம்ளர்களைக் கழுவுகிற சாக்கில் நின்றாள்.

"அக்கா, ஒங்களுக்கு மொதல்ல எப்பிடி இருந்துச்சு?"

"காட்டு."

"ஒண்ணுமில்லக்கா. வெறும் வெடிப்பு."

"காட்டுடி."

காட்டினாள். என் இடுப்பையே வேறொருத்தி மேல் பார்ப்பது போலிருந்தது. "ரிசல்ட்டுக்கு நான் போறப்ப நீயும் வர்ற" என்றேன்.

"அய்யோ, வூட்டுல சிரிப்பாங்கக்கா."

"எங்க வூட்டுலயும் சிரிச்சாரு. கெளம்பு."

ரிசல்ட் அன்று டாக்டர் தாளை ஒரு தடவை படித்தார். பின்பக்கம் திருப்பினார். மறுபடி முன்பக்கம் வந்தார். என் வீட்டுக்காரர் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்து எட்டிப் பார்த்தார். மேல் ஓரம், கீழ் ஓரம், அடிப்பக்கம் என்று டாக்டரின் பேனா தாளில் இறங்கிக்கொண்டே போனது.

"எல்லா ஓரமும் சுத்தம்மா. முழுசா எடுத்தாச்சு."

சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஆபரேஷன் மேஜையில் மரத்த கால் மாதிரி உள்ளே என்னமோ மரத்துக் கிடந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டார். விட்டு விட்டு வந்து காட்டணும், மற்ற பக்கமும் கவனிக்கணும், இனி இறுக்கி எதுவும் கட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

"வேற ஏதாவது கேக்கணுமாம்மா?"

"வெளிய பெஞ்சுல ஒருத்தி உக்காந்துகினு இருக்கா டாக்டர். கூப்புடட்டுங்களா?"

என் வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு புரிந்துகொண்டு எழுந்து வெளியே போனார். அவள் இடுப்பில் கையை வைத்தபடி வாசலில் வந்து நின்றாள். "எனக்கு ஒண்ணுமில்லீங்க டாக்டர், அக்காதான் சும்மா..." என்று ஆரம்பித்தாள்.

நான் அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.