இடது காது

என்னுடைய தொழில் கல் செய்வது. கிளிநொச்சியில் யாரிடமாவது இப்படிச் சொன்னால் கல் குவாரியில் வேலை என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் நான் வீட்டு முன்னறையில் கணினிக்கு முன்னால் இருந்து, வெளிநாட்டுக் கணினி விளையாட்டு நிறுவனமொன்றுக்காகக் கற்களும் மரக்குற்றிகளும் இடிந்த மதில்களும் செய்து அனுப்புகிறேன். விளையாடுகிறவர்கள் அவற்றைத் தாண்டி ஓடிவிடுவார்கள். யாரும் நின்று பார்ப்பதில்லை. அதனாலோ என்னவோ, இத்தனை வருடத்தில் இந்த வேலையைப் பற்றி நான் யாருடனும் பெரிதாகக் கதைத்ததில்லை.

ஒருநாள் தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கப் போயிருந்தேன். எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் ஓர் அக்கா தைக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். அக்கா வன்னியிலேயே வளர்ந்தும் பேச்சில் மலைநாடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைசி யுத்தத்தில் ஷெல் துண்டொன்று அவருடைய இடது காதின் மேற்பாதியைக் கொண்டுபோய்விட்டது. தோடு போடும் சோணையும் அதற்கு மேலே விரல் நுனி அளவு ஒரு தண்டும்தான் மிச்சம். தலைமயிரை அந்தப் பக்கம் இறக்கி வாரி மறைத்திருப்பார். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை.

அவர் கொழுக்கி தைத்து முடிக்கும்வரை நான் மர வாங்கில் உட்கார்ந்து, அனுப்ப வேண்டிய கல்லொன்றைப் போனில் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா நிமிர்ந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடி, இடப்பக்கம் மாட்டிக்கொள்ள ஒன்றும் இல்லாததால், கறுப்பு இலாஸ்ரிக்கால் தலையைச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது.

"அது என்ன புள்ள, கல்லா?"

"ஓம் அக்கா. நான் செய்தது."

"கல்லு செய்யச் சம்பளம் குடுக்கிறாங்களா?" என்று சிரித்தார். போனை வாங்கித் தானும் விரலால் சுழற்றினார். கல்லின் பாசியையும் வெடிப்பையும் பார்த்தார். பிறகு போனைத் திருப்பித் தந்துவிட்டுக் கொழுக்கியைத் தைத்துக்கொண்டே கேட்டார்.

"காது செய்யலாமா?"

நான் போனை அணைத்து மடியில் வைத்தேன்.

"அழகுக்கு இல்ல புள்ள. கண்ணாடி நிக்கணும். மத்தியானம் ஆனா இந்த இலாஸ்ரிக் மண்டையை இறுக்குது. ஊசியில நூல் கோர்க்கக் குனிஞ்சா கழண்டு விழுது."

"செய்து பாப்பம் அக்கா," என்றேன். எப்படிச் செய்வதென்று அப்போது எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமர நிழலில் கதிரை போட்டு இருத்தி, தோட்டைக் கழற்றச் சொல்லி, வலது காதைச் சுற்றிச் சுற்றி எழுபது படம் எடுத்தேன். ஒரு பொருளை எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுத்த படங்களைக் கொடுத்தால் அதன் உருவத்தைக் கட்டித்தரும் மென்பொருள் ஒன்று உண்டு. மினுங்குகிற சாமானைக் கண்டால் மட்டும் அது தடுமாறும். பிறகு இடது பக்கத்தையும் எடுக்க வேண்டும் என்றேன். அந்தத் தண்டின் அளவு இல்லாமல் புதுக் காதைப் பொருத்த முடியாது.

அக்கா ஒழுங்கைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "படலையைச் சாத்திட்டு வாங்க," என்றார். நான் சாத்திவிட்டு வந்தபோது தலைமயிரைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி இருந்தார். இரண்டு வருடமாக அவரிடம் தைக்கக் கொடுக்கிறேன். அன்றுதான் அந்தப் பக்கத்தை முழுதாகப் பார்த்தேன். முதல் பத்துப் படங்கள் கலங்கிப் போயின; திரும்ப எடுத்தேன்.

வேலை தொடங்கிய பிறகுதான் சிக்கல் விளங்கியது. படங்களிலிருந்து வந்த காது, மழையில் நனைந்த மண் பொம்மை போல இருந்தது. பின்பக்கப் பள்ளம் முழுவதும் அடைபட்டுக் கிடந்தது. அதைச் சிற்பம் செய்யும் மென்பொருளுக்குக் கொண்டுபோய், கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாற்றி, களிமண்ணைச் சுரண்டுவது மாதிரிச் சுரண்டிப் பள்ளங்களையும் மேடுகளையும் எடுத்தேன். அதில் எதையும் தள்ளலாம், இழுக்கலாம், தடவலாம்; ஆனால் ஒரு மில்லிமீற்றர் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. அக்காவின் தண்டு உள்ளே போய் இறுகும் பொந்தும், கண்ணாடிக் கால் பதிந்து அமரும் தவாளிப்பும் மயிரிழை பிசகக்கூடாது. அதற்கு இயந்திரப் பாகங்கள் வரைகிற இன்னொரு மென்பொருள் வேண்டும். அதற்கோ வளைவு நெளிவு ஆகாது. நான் செதுக்கிய காதை உள்ளே விட்டதும் கணினி அப்படியே நின்றுபோனது. அதன் மேற்பரப்பைக் கட்டியிருந்த லட்சக்கணக்கான சின்னச் சின்ன முக்கோண முகங்களைக் குறைத்து எளிதாக்கி மறுபடி விட்டேன். திறந்தது. ஆனால் காது ஒரு வீட்டளவு பெரிதாக நின்றது. ஒன்று மீற்றரில் யோசிக்க, மற்றது மில்லிமீற்றரில் யோசித்திருக்கிறது. அளவைத் திருத்தினேன். பார்த்தால், குறைத்த முகங்களோடு செதுக்கிய நுணுக்கமும் போய்விட்டிருந்தது. கடைசியில் ஒரு வழி பிடித்தேன். பொந்தையும் தவாளிப்பையும் மட்டும் அளவு மென்பொருளில் தனியாகச் செய்து, அதைச் சிற்பத்துக்குள் கொண்டுவந்து, அதே வடிவத்தில் காதிலிருந்து வெட்டி எடுத்தேன். அதைக் கண்டுபிடிக்க இரண்டு கிழமை போனது.

என்னோடு படித்த ஒருவன் வவுனியாவில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறான். அவனிடம் முப்பரிமாணப் பிரிண்டர் இருந்தது. சாம்பல் நிறப் பிளாஸ்ரிக்கில் அடித்து, பிஸ்கட் பெட்டியில் வைத்து, பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டான். "உள்ளுக்கு என்ன?" என்று கொண்டக்டர் கேட்டபோது, "காது" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பெட்டியைத் தந்தார்.

அக்கா அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். தண்டில் மாட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது. கண்ணாடியும் நின்றது. நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா இருக்கு. ஆனா இது என் காது இல்ல, புள்ள."

"உங்கட வலது காதுதான் அக்கா. அப்பிடியே திருப்பினனான்."

"அதான். இடது வேற மாதிரி. மேல விளிம்பில ஒரு மடிப்பு இருந்துச்சு. நாய்க்குட்டிக் காதுன்னு பள்ளிக்கூடத்துல கூப்பிடுவாங்க."

படம் இருக்கிறதா என்று கேட்டேன். இடம்பெயர்ந்து போகும்போது எல்லாம் போய்விட்டது என்றார். எனக்கு மனதுக்குள் எரிச்சல் வந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. அழகுக்கு இல்லை என்று சொன்னவர் அவர்தானே, கண்ணாடி நிற்கிறதுதானே, பிறகென்ன என்று நினைத்தேன். வாயால் சொல்லவில்லை. "பாப்பம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு நாள் அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் அக்கா படலையில் நின்றார். கையில் ஒரு சின்னப் பொட்டலம். பிரித்தால் துணியில் தைத்த காது. சட்டைக் கொலருக்கு வைக்கும் விறைப்புத் துணியை உள்ளே வைத்து, இரண்டு பக்கமும் லைனிங் துணி பிடித்து, விளிம்பை மடித்துத் தைத்து, அயன் பண்ணியிருந்தார். மேலே, நெற்றிப் பக்கமாக, அந்த மடிப்பு இருந்தது.

"நாலு தரம் தைச்சு அவிழ்த்தேன். இதுதான் சரி."

"எப்பிடி அக்கா இவ்வளவு ஞாபகம்?"

"அப்பல்லாம் யோசனை வந்தா அதைத்தான் புடிச்சு உருட்டிக்கிட்டிருப்பேன். கண்ணுக்கு மறந்து போச்சு. விரலுக்கு மறக்கல."

நான் அவரை உள்ளே கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். எரிச்சல் பட்டதை நினைக்க வெட்கமாக இருந்தது. துணிக் காதையும் மாமர நிழலில் வைத்து எழுபது படம் எடுத்தேன். அக்கா கூடவே நின்று பார்த்தார். துணியின் மடிப்பை, ஏற்கெனவே செய்த காதின் மேல் கணினியில் பொருத்தி, துணியின் நெசவை அழித்துத் தோலாக்கினேன். அவர் பக்கத்துக் கதிரையில் இருந்து, "இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு," "இல்ல, அது கூடிப்போச்சு," என்று சொல்லச் சொல்ல, நான் தள்ளியும் இழுத்தும் கொடுத்தேன். ஒரு இடத்தில், "ஆ, நில்லுங்க," என்றார். நின்றேன். திரையைத் தொட்டார். தொட்டால் விரலுக்கு ஒன்றும் தெரியாது என்று அவருக்கும் தெரியும்.

இந்த முறை பிளாஸ்ரிக் வேண்டாம், அச்சு ஒன்றை அடித்து அதற்குள் சிலிக்கன் ஊற்றலாம் என்று நண்பன் சொன்னான். என்ன நிறம் என்று கேட்டான். போனில் எடுத்த படத்தை நம்ப முடியாது, வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று. இதைச் சொன்னதும் அக்கா நூல்கட்டைப் பெட்டியைத் திறந்து, பழுப்பு நூல்களை ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்து முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்து, இரண்டைத் தெரிந்தெடுத்தார். "உள்பக்கம் இது, விளிம்புக்கு இது." நூல்கட்டைகளைப் பஸ்ஸில் அனுப்பினேன். நண்பன் அவற்றைப் பார்த்துத்தான் கலந்தான்.

காது வந்த அன்று அக்கா தையல் மெசினை நிறுத்திவிட்டுக் கைகழுவி வந்தார். மாட்டினார். கண்ணாடியைப் போட்டார். மேல் விளிம்பை விரலால் பிடித்து உருட்டினார். அவர் உள்ளே போய்க் கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தார். முகம் கழுவியிருந்தார்.

சித்திரை வெயில் தொடங்க, அந்தக் காதுக்குள் வேர்க்கிறது, தைக்கும்போது அரித்துக் கடிக்கிறது என்றார். மெசினில் இருக்கும்போது, கண்ணாடிக் காலைப் பிடிக்க அந்தத் தண்டில் மாட்டும் வெறும் கொழுக்கி ஒன்று போதுமாம். அளவு மென்பொருளில் அரை மணித்தியாலத்தில் செய்து முடித்தேன். எந்தச் சிற்பமும் தேவைப்படவில்லை. அக்கா அதைத்தான் நாள் முழுதும் போடுகிறார். முதலில் மனம் சுருக்கென்றது. இவ்வளவு பாடுபட்டது இதற்கா என்று நினைத்தேன். பிறகு, வெளியே போகும்போது போடுவதற்கு மற்றதைப் பெட்டியில் துணி சுற்றி வைத்திருப்பதைக் காட்டினார். சுருக்கு அவிழ்ந்துபோனது.

போன மாதம் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு பெண், தலைமயிரை முழுதாக இழுத்துக் கொண்டை போட்டவர், பாரை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து விலை பேசிக்கொண்டிருந்தார். இடம் விட்டு விலகி, அவரைக் கடந்து போனேன்.

"என்ன புள்ள, பார்த்தும் பாராம போறீங்க?"

திரும்பினேன். அக்கா. நான் செய்த காதை ஒரு முழத்தூரத்தில் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

"தெரியேல்லை அக்கா, சத்தியமா," என்றேன்.

அவர் மீன்காரர் திரும்பிப் பார்க்கும்படி பெரிதாகச் சிரித்தார்.