பித்தக்குழாயும் மீன் செவுளும்

வாய்வழியே குழாயை இறக்கி, பித்தக்குழாய்க்குள் விளக்கடித்துப் பார்க்கிற பிரிவில் நான் டெக்னீசியன். வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்துக்கிடந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். கதவுக்கு உள்ளே நாங்கள் படுகிற பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

பால் இல்லாத சாயா

குளச்சலில் மீன்பிடிக்கப் போகிற சூசை அண்ணனுக்கு ஒரு மாதமாக மஞ்சள்காமாலை. ஸ்கேனில் பித்தக்குழாய் ஓரிடத்தில் சுருங்கியிருந்தது. புற்றுநோயா, வெறும் வீக்கமா என்று பார்க்கத்தான் நாகர்கோவிலுக்கு, எங்களிடம், அனுப்பியிருந்தார்கள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று நான் மூன்று தரம் சொல்லியிருந்தேன். மனிதர் வாயைத் திறந்ததும் இஞ்சி மணம். பஸ் ஸ்டாண்டில் ஒரு கட்டன்சாயா அடித்துவிட்டு வந்திருக்கிறார்! டாக்டர் என்னைத்தான் முறைத்தார். மத்தியானத்துக்குத் தள்ளிப்போட்டோம். அண்ணன் பரிதாபமாகச் சொன்னார்: "அதுல பாலே இல்லியே மக்கா!"

ரத்தச் சிவப்பு

பித்தக்குழாய்க்குள் போனதும் டாக்டர் ஒரு பொத்தானை அழுத்துவார். வெள்ளை வெளிச்சம் போய் நீலமும் பச்சையும் கலந்த வெளிச்சம் வரும். நுண்ணிய ரத்தநாளங்கள் அதில்தான் பளிச்சென்று தெரியும். அவை கோணல்மாணலாக இருந்தால் புற்றுநோயோ என்று சந்தேகம் வரும். அண்ணனுக்கு அன்று கொஞ்சம் கோணல்தான். டாக்டர் துளி சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

வெளியே அண்ணனின் மனைவி திரேசக்கா, சந்தையில் மீன் விற்கிறவர், ரிப்போர்ட்டிலிருந்த படத்தைத் துபாயிலிருக்கும் மகனுக்குப் போனில் காட்டிக்கொண்டிருந்தார். "அம்மா, உள்ள முழுக்க ரத்தம்!" என்று அவன் அழ ஆரம்பித்துவிட்டான். அது ரத்தமில்லை, பித்தநீர். மஞ்சளான பித்தநீர் அந்த வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரியும். இதை நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "ஏலே, செவுளு செவப்பா இருந்தாத்தாம்ல நல்ல மீனு! அப்பனுக்கு ஒண்ணும் இல்ல, போய் வேலையப் பாரு." அக்கா தைரியமாகத்தான் இருக்கிறார் என்று நானும் விளக்காமல் விட்டுவிட்டேன்.

முடிவு வந்த நாள்

ஒரு வாரம் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. கடைசியில் முடிவு வந்தது: புற்றுநோய் இல்லை, வீக்கம்தான், மருந்தில் தீரும். சந்தோஷத்தில் எனக்கே கண் கலங்கிவிட்டது. சமாளித்துக்கொண்டு, "அக்கா, உங்க செவுள் ஜோசியம் பலிச்சிட்டுதே!" என்று கிண்டலடித்தேன். அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "சும்மா சொன்னேன் மக்கா. நானும் அது ரத்தம்னுதான் நெனச்சேன். பயல் அக்கரையில இருந்து அழுதா யாரு கண்ணத் தொடைப்பா? தெனமும் மீனு கீறுகவளுக்குப் பித்தம் எது, ரத்தம் எதுன்னு தெரியாதா?"

பித்தக்குழாயின் மூலைமுடுக்கெல்லாம் விளக்கடித்துப் பார்க்கிற எனக்கு, எதிரே நின்ற திரேசக்காவின் பயம் ஒரு வாரமாகக் கண்ணில் படவேயில்லை. இதற்குத்தான் மாதாமாதம் சம்பளம்!