சாந்தியின் கை ஸ்லோ இல்லை

தமிழும் மலையாளமும் கலந்து பேசும் சாலை பஜாரில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கும் அண்ணாச்சி போனில் எடுத்த எடுப்பிலேயே பொரிந்து தள்ளினார்.

"சாரே, உங்க மெஷினு கொள்ளாம், நல்லாத்தான் ஓடுது. இந்த சாந்திக்குத்தான் கை ஓடல. இந்த வாரம் பாத்துட்டு வேற ஆள வைக்கப் போறேன், கேட்டோ."

அவர் கடைக் கம்ப்யூட்டர்களுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் அமைத்துக் கொடுத்தது எங்கள் சின்ன கம்பெனி. அதில் ஷெட்யூலர் என் பொறுப்பு. பிராசஸருக்காக வரிசையில் நிற்கும் புரோகிராம்களில் எதற்கு முதலில் நேரம், எவ்வளவு நேரம் என்று முடிவு செய்வது அதுதான். பின்னால் எத்தனை பிடிஎஃப் தயாரானாலும் டைப் அடிப்பவருக்கு எழுத்து திணறக் கூடாது என்று டைப்பிங் சாஃப்ட்வேரின் பிரையாரிட்டியை ஏற்றி வைத்திருந்தேன். ஆபீஸில் பத்துத் தடவை சோதித்தேன், துளி தடங்கல் இல்லை. அதனால் அண்ணாச்சி சொன்னதை நானும் நம்பிவிட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

இருந்தாலும் மெஷினை ஒரு தடவை நேரில் பார்த்துவிடலாம் என்று கடைக்குப் போனேன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவர் சாந்தி. முகம் வாடிக் கிடந்தது.

"என் கை ஓடுது சார். எழுத்துதான் நிக்குது. நீங்களே பாருங்க."

ஒரு மனுவை மலையாளத்தில் அடித்தார். விரல் அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டது, திரையில் முந்தைய வார்த்தையே பாதியில் நின்றது.

"இங்கிலீஷ்ல அடிங்க பாப்போம்."

மளமளவென்று வந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தமிழோ மலையாளமோ அடித்தால், தட்டிய கீயை எழுத்தாக மாற்றித் தருவது வேறொரு குட்டி புரோகிராம். அதை நான் கண்டுகொள்ளவே இல்லை. அது பிடிஎஃப் வேலைகளோடு வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசுகிற நான், பத்துச் சோதனையிலும் இங்கிலீஷிலேயே அடித்திருக்கிறேன். முட்டாள்!

அங்கேயே உட்கார்ந்து அதற்கும் அதே பிரையாரிட்டி கொடுத்தேன். பிடிஎஃப் வேலைகளை வரிசையில் கடைசிக்குத் தள்ளினேன்.

சாந்தி மறுபடி அடித்தார். எழுத்து விரலோடு கூடவே வந்தது. ஒரு பக்கம் முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"அம்பம்போ! இவ்வளவு ஸ்பீடா நீ?" என்றார் அண்ணாச்சி.

"இதத்தானே அண்ணாச்சி தெனமும் சொன்னேன்!" சாந்தி சிரித்தார், கண் கலங்கியிருந்தது.

"தப்பு என்னோடது அண்ணாச்சி. இவங்க தலையில போட்டுட்டோம்" என்றேன்.

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "ஷெரி, ஷெரி. நீ எங்கயும் போகண்டாம், கேட்டோ."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, அடிக்கிறவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர் அடிக்கிற மொழியில் அடித்துப் பாருங்கள். என் டெஸ்ட் ரிப்போர்ட்டில் அன்று எல்லாமே பாஸ். அதை நம்பியே இருந்திருந்தால் சாந்திக்கு வேலை போயிருக்கும்.